நெடி வராத மிளகாய்

நம் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால் முதலில் மூக்கைத் தயார் செய்துகொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஒரு நாற்றத்தைப் பற்றி. ஈர விறகு எரியமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது அடியில் ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் செருகிப் பற்றவைப்பார்களே, கறுப்புப் புகை சுருண்டு எழும்பி, கரித்துகள் ஒட்டடை மாதிரி பறந்து வந்து சோற்றில் உட்காருமே, அந்த நாற்றம். அதை முகர்ந்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. முகராதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

போன வாரம் பேத்தி பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாள். வீட்டில் வீணாகிற பொருளைக் கொண்டு ஏதாவது செய்து வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். முட்டை அட்டையின் குழிகளில் மரத்தூளை நிரப்பி, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, அடுப்பு பற்றவைக்கும் வில்லைகள் செய்து வைத்திருந்தாள். ஒன்றைக் கொளுத்தியும் காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதை உன் கொள்ளுப்பாட்டி செஞ்சியில் எப்போதோ செய்து தெருவுக்கே கொடுத்தாயிற்று என்றேன். எதில் செய்தார்கள் என்று கேட்டாள். கந்தல் துணி, தேங்காய் நார், சைக்கிள் டியூப் என்று பெருமையாகச் சொன்னேன்.

"ரப்பர் புகையில யாருக்கும் இருமல் வரலையா பாட்டி?"

வராமல் என்ன, எல்லோருக்கும்தான் வரும், அதை யார் கவனித்தார்கள் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்துப் பேத்தி போனை வைத்துவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு உங்களை ஒரு மழைக்காலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அப்போது எங்கள் வீடு செஞ்சியில் கோட்டைக்குப் போகிற சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. தெருக் கோடியில் குண்டுப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அதற்கப்பால் வீடு கிடையாது. நைனா, அதாவது எங்கள் அப்பா, கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டி ஒட்டி இனி ஒட்ட இடமில்லை என்று ஆன டியூபெல்லாம் எங்கள் வீட்டுத் தோட்டத்துச் சுவரில் மாலை மாலையாகத் தொங்கும். வாளிக்குக் கட்ட, கதவுக்குக் கட்ட, எங்கள் உண்டிவில்லுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த டியூப்தான்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்தே மழை விடவில்லை. வேலிகாத்தான் விறகு ஈரத்தில் ஊறிப்போய் ஊதாங்குழலில் ஊதுகிறவர் உயிரை வாங்கும். ரேஷனில் கிடைக்கிற மண்ணெண்ணெய் விளக்குக்கே போதாது. அம்மாவோ கைக்குழந்தைக்காரி. தம்பி பிறந்து தாய்வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெந்நீர் வேண்டும், கஞ்சி வேண்டும், குழந்தைத் துணியை உலர்த்தக் கணப்பு வேண்டும். அடுப்பு பற்றாவிட்டால் வீடே நின்றுபோகும்.

அம்மாவுக்கு மூளை அப்போதுதான் வேலை செய்தது. டியூபை நைனாவின் கத்தரியால் வளையம் வளையமாக வெட்டினாள். கிழிந்த வேட்டி, பாவாடை எல்லாவற்றையும் கைக்குட்டை அளவுக்குக் கிழித்தாள். ஒரு துணித்துண்டின் நடுவில் இரண்டு டியூப் வளையம், ஒரு பிடி மல்லாட்டைத் தோல், கொஞ்சம் தேங்காய் நார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். துணியை மூட்டையாக முடிந்து, உருக்கிய மெழுகில் விளக்கின் அடியில் தங்கிய எண்ணெய்க் கசண்டைக் கலந்து, அதில் முக்கி எடுத்துக் காயவைப்பாள். எலுமிச்சம்பழ அளவில் உருண்டை உருண்டையாக இருக்கும். மூடியில் மயில் படம் போட்ட ஒரு பிஸ்கட் தகர டப்பா எங்களிடம் இருந்தது. உருண்டைகள் அதில் குடியிருந்தன. அந்த டப்பா எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. மயிலின் கழுத்தில் துரு ஏறியிருந்தது மட்டும் அச்சாக நினைவிருக்கிறது.

மல்லாட்டைத் தோல் கொண்டுவந்து கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சொந்தமில்லை, முறைக்குக் கூப்பிடுவதுதான். பெரியப்பா மல்லாட்டை மில்லில் வேலை செய்தார். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. மழை பெய்கிற மதியங்களில் பெரியம்மாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து உருண்டை பிடிப்பார்கள். தம்பி பெரியம்மா மடியில் கிடப்பான். அவள் குழந்தையைத் தூக்குவதைப் பார்த்தால் பத்துப் பிள்ளை பெற்றவள் என்றுதான் சொல்வீர்கள்.

உருண்டையின் புகழ் தெருவில் பரவியது. எப்பேர்ப்பட்ட ஈர விறகும் அதற்கு வழிக்கு வந்தது. பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து ஆளுக்கு நாலு வாங்கிப் போனார்கள். எட்டாவது கூடப் படிக்காதவள், இன்னா மூளை பாரு என்று நைனா கடையில் எல்லோரிடமும் சொன்னாராம். அம்மா அந்த மாதம் முழுக்கத் தலையை நிமிர்த்தித்தான் நடந்தாள்.

குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது உங்களுக்கெல்லாம் தெரியும். மழையில் கரி நமுத்துப்போய் சாம்பிராணிச் சட்டியில் கங்கு நிற்கவில்லை. அதனால் அதிலும் ஒரு உருண்டை. மேலே கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் தம்பியைப் படுக்கவைத்து, ஒரு துணியால் மூடி, புகையெல்லாம் அவன் தலையில் இறங்கும்படி செய்வாள். காலையில் ஒரு தடவை. மாலையில் கொசுவுக்காகத் தூளிக்கு அடியில் ஒரு தடவை. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கோ, தெருவில் இருந்த எந்தப் பெரிய மனிதருக்கோ ஒன்றும் தோன்றவில்லை.

கார்த்திகை பிறந்தபோது தம்பிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பால் குடிக்கையில் பாதியில் விட்டுவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுவான். நெஞ்சுக்குழி உள்ளே போய் வரும். பூனை உறுமுகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். வைத்தியர் சளி என்று மருந்து கொடுத்தார். ஒரு நாள் தேவலை என்றால் மறுநாள் மோசம். உதடு லேசாக நீலம் பாரித்த ஒரு காலையில் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். தம்பி செத்துப்போய்விடலாம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பெரியம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். எப்படி என்று தெரியவில்லை. தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் வைத்திருந்தால் அவன் நன்றாக மூச்சு விடுவதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் அம்மா கூடைக்கு அடியில் சட்டியைத் தள்ளும்போது அவள் உள்ளே வந்தாள். வரும்போதே இருமிக்கொண்டு வந்தாள்.

"அத அணச்சிடும்மா. புள்ள இருக்கிற வூடு. இந்தப் பொகதான் அவன் மூச்ச அடைக்குது."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஊரே மெச்சிய உருண்டை அது. அதுவும் தூக்கமில்லாத கண், அழுது வீங்கிய முகம்.

"புள்ள பெத்தவளுக்குத் தெரியாதா?"

பெரியம்மா கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்த வழியே போனாள். அந்தப் பார்வையைத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள். பிள்ளையில்லாதவள் இப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்தால் பச்சைக் குழந்தை என்ன ஆகும் என்று அன்று சாயங்காலம் குழாயடியில் யாரோ சொல்ல, ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. எங்கள் வாசல் சேற்றில் பெரியம்மாவின் காலடி அப்படியே பதிந்திருந்தது. கட்டைவிரல்கூடத் தனியாகத் தெரிந்தது. அம்மா அந்தச் சேற்றை ஒரு கரண்டியால் எடுத்து அடுப்போரம் காயவைத்ததை நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் காய்ந்த மிளகாய், கல் உப்பு, துடைப்பக் குச்சி, அந்தக் காலடி மண் எல்லாவற்றையும் கையில் மூடிக்கொண்டு தம்பியைச் சுற்றினாள். நைனாவும் தெருப் பெண்கள் சிலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் நெருப்பு வேண்டுமே. ஒரு உருண்டையைப் போட்டுப் பற்றவைத்தாள். நன்றாக எழும்பிய பிறகு கையில் இருந்ததை அதில் போட்டாள்.

மிளகாய் நெடி ஏறி எல்லோரும் தும்மினால் கண் இல்லை. நெடி வராவிட்டால் அத்தனையும் கண். இது உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். மிளகாய் கருகிச் சாம்பலானது. நெடி வரவில்லை. எப்போதும் வருகிற இருமல்தான் வந்தது, எப்போதும் வருகிற நாற்றம்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் மிளகாய் போட்டாள். அதற்கும் இல்லை. ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நைனா முகம் வெளுத்துப்போய் வாசலுக்குப் போய்விட்டார். சந்தேகமாக இருந்தது அந்த நிமிஷத்தில் சத்தியமாகிவிட்டது.

அதற்கப்புறம் பெரியம்மாவைப் பார்த்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளிவைத்தார்கள். அவள் கொண்டுவந்த மல்லாட்டைத் தோலைக் கூட அம்மா தெருவில் கொட்டினாள். உருண்டையை மட்டும் விடவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா தோட்டத்தில் துணி எடுக்கப் போயிருந்தாள். தூளிக்கு அடியில் சட்டி புகைந்துகொண்டிருந்தது. தம்பி இழுத்த இழுப்பு நடையில் நின்ற எனக்கே கேட்டது. பெரியம்மா நேராக உள்ளே வந்தாள், தூளியிலிருந்து அவனை எடுத்தாள், முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். என்னைக் கடந்துதான் போனாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. வேலை இருக்கிறவள் மாதிரி போனாள்.

அம்மா வந்து தூளியைத் தொட்டாள். தூளி காலி. அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், கொன்றுவிடப் போகிறாள் என்று எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவள் எங்கும் போய்விடவில்லை. தெருக் கோடிப் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். மழை கழுவிவிட்ட கோட்டை மலை கறுப்பாக நின்றது. நல்ல காற்று. தம்பி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இழுப்பு இல்லை. சத்தம் இல்லை. நானே குனிந்து பார்த்தேன், வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

"பாருங்க. மூச்சு சீரா வருது. வெளிக்காத்து போதும் அவனுக்கு" என்றாள்.

நைனா குழந்தையைப் பிடுங்கினார். ஒருத்தி அவள் கன்னத்தில் அறைந்தாள். பெரியம்மா கையை உயர்த்தவில்லை. அறைந்தவள் சொன்னதுதான் தெருவுக்கே தீர்ப்பானது. வைத்த கண்ணை அவளே எடுத்துவிட்டாள், அதனால்தான் பிள்ளைக்கு இழுப்பு நின்றது.

யோசித்துப் பாருங்கள். குழந்தை மூச்சு விட்டதையே அவளுக்கு எதிராகச் சாட்சி வைத்தார்கள். எனக்கு இத்தனை வருஷம் அது உறைக்கவே இல்லை.

தை பிறக்கும் முன்பே அவர்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு வல்லம் பக்கம் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா மில் வேலையை விட வேண்டியதாயிற்று. வண்டியில் சாமான் ஏற்றும்போது யாரும் வெளியே வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் மழையும் விட்டு வெயில் வந்தது. விறகு காய்ந்தது. உருண்டைக்கு வேலை இல்லாமல் போனது. தம்பிக்குத் தேவலையானது. அவள் போனாள், பிள்ளை பிழைத்தான் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். உருண்டை போனது, பிள்ளை பிழைத்தான் என்று சொல்ல ஒருவர் இல்லை.

அம்மா இந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் சொல்வாள், புதிதாக வந்த மருமகள்களுக்குச் சொல்வாள். தம்பிக்கு இப்போதும் பனிக்காலத்தில் இழுப்பு உண்டு. இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, எல்லாம் அந்தம்மா கண்ணு என்று சிரிப்பான். நாங்களும் சிரிப்போம். பெரியம்மா செத்துப்போன செய்தி வல்லத்திலிருந்து வந்தபோதும் எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

பேத்தி போனை வைத்த அன்று இரவெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. அன்றைக்கு நெடி வராமல் போனதற்குக் காரணம் டியூப் புகையா? மிளகாய் நெடி அதில் அமுங்கிப்போயிருக்குமா? விடிந்ததும் முதல் வேலையாக கேஸ் அடுப்பில் இரண்டு காய்ந்த மிளகாயைக் காட்டினேன். வீடு முழுக்கத் தும்மல். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது மந்தம், மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. படுத்த இடத்திலிருந்தே, நெடி வருது பாரு, இந்த வூட்ல யாரு கண்ணும் இல்ல என்றாள்.

மோட்டார் பைப்பில் கட்டியிருந்த பழைய டியூபை அறுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கந்தல், தேங்காய் நார், மெழுகு. கை மறக்கவில்லை. உடைந்த சிமெண்ட் சட்டியில் உருண்டையை வைத்துக் கொளுத்தினேன். கறுப்புப் புகை கிளம்பியதும் அதே மிளகாயில் இரண்டைப் போட்டேன். குனிந்து முகர்ந்தேன். இருமல் வந்தது, கண் எரிந்தது, ரப்பர் நாறியது. நெடி என்று தனியாக ஒன்றும் இல்லை. என் வயதில் இப்படி ஒரு அதிர்ச்சி வரும் என்று நான் நினைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்து நின்றாள். "இன்னாடி, நம்ம உருண்ட நாத்தம் வருது" என்றாள். முகத்தில் அந்தப் பழைய பெருமை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். எண்பது தாண்டியவளிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"மொளகா போட்டிருக்கன்மா இதுல."

அவள் மூக்கை உயர்த்தினாள். "இல்லியே."

சட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, கருகிக் கிடந்த மிளகாயைத் தன் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தாள். இன்னொன்று போடச் சொன்னாள். போட்டேன். காத்திருந்தாள். இன்னொன்று என்றாள். அதுவும் கருகியது.

"யார சுத்திப் போட்ட?"

"யாரையும் இல்லம்மா. சும்மாதான் போட்டேன்."

அம்மா துணி துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தாள். புகை அவள் பக்கம் திரும்பியபோதும் முகத்தை விலக்கவில்லை. அடுத்த வீட்டு மாடியில் ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. மந்தமான அவள் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"புள்ள பெத்தவளுக்குத் தெரியாதான்னு கேட்டனே அவள" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அத அணச்சிடு. புள்ள இருக்கிற தெரு" என்றாள்.

நான் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.